உயிர்வாழ் சான்றுக்கு ரேகையா, கருவிழியா, முகமா, காகிதமா?

மத்திய அரசு ஓய்வூதியர்களின் வீட்டில் நவம்பர் மாதம் தவறவிடக் கூடாத வேலை ஒன்று உண்டு. பென்ஷன் கொடுக்கும் வங்கிக்கு, தான் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து பென்ஷன் நின்றுவிடும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே சான்று கொடுக்கலாம். இ.பி.எஃப். பென்ஷன் வாங்குபவர்களுக்கு நவம்பர் என்ற கட்டாயம் இல்லை. எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர்கள் இதையே நேர்காணல் என்பார்கள். அதற்கான மாதத்தைக் கருவூலத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் இதற்கு வங்கிக்கோ கருவூலத்துக்கோ நேரில் போவதுதான் பொதுவான வழி. 2014 நவம்பர் 10 அன்று ஜீவன் பிரமான் என்ற மத்திய அரசின் டிஜிட்டல் உயிர்வாழ் சான்று முறை வந்தது. ஆதாரில் பதிந்த ரேகையையோ கருவிழியையோ காட்டினால் சான்று இணையம் வழியாகவே போய்ச் சேரும் என்றார்கள். 2021 நவம்பரில் முகமும் சேர்ந்தது. ஆக இப்போது ரேகை, கருவிழி, முகம், வீட்டுக்கு வரும் தபால்காரர், பழைய காகிதம் என்று பல வழிகள். பெரும்பாலான வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் எதைச் செய்தாரோ அதையே செய்கிறார்கள், அல்லது எந்தக் கடை பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போகிறார்கள். அது சரிப்படாமல் போகும்போதுதான் அலைச்சல் ஆரம்பிக்கிறது.

இந்த ஒப்பீடு முக்கியமாக அம்மா அப்பாவுக்காக, மாமியார் மாமனாருக்காக இந்த வேலையைச் செய்து கொடுக்கும் பிள்ளைகளுக்கானது. நான் சொல்ல வருவது இதுதான்: எந்த வழி என்பதை அந்தப் பெரியவரின் உடம்பை வைத்து முடிவு செய்யுங்கள். விரல் எப்படி இருக்கிறது, கண் எப்படி இருக்கிறது, உட்கார முடியுமா, சொன்னதைக் கேட்டு அசையாமல் இருக்க முடியுமா என்பதெல்லாம் தெரிந்தால், வழி ஏறக்குறையத் தானாகவே தெரிந்துவிடும்.

கருவி என்ன பார்க்கிறது

ஆதார் பதிவின்போது பத்து விரல் ரேகைகள், இரண்டு கருவிழிகள், ஒரு முகப்படம் எடுத்தார்கள். இன்று நாம் விரல் வைக்கும்போது அதை நாட்டிலுள்ள எல்லோருடைய ரேகையோடும் ஒப்பிட்டுத் தேடுவதில்லை. முதலில் ஆதார் எண்ணைக் கொடுக்கிறோம். அந்த எண்ணுக்குரிய பதிவோடு மட்டும் பொருத்திப் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று பதில் வருகிறது.

இதில் இரண்டு விதத் தவறு நடக்கலாம். வேறொருவரை இவர்தான் என்று ஏற்றுக்கொள்வது ஒன்று. உண்மையான ஆளை இவர் இல்லை என்று திருப்பி அனுப்புவது இன்னொன்று. பொருத்தத்தின் அளவை இறுக்கினால் முதல் தவறு குறையும், இரண்டாவது கூடும். தளர்த்தினால் நேர்மாறாக நடக்கும். இரண்டாவது தவறு நாற்பது வயதுக்காரருக்கு அபூர்வம். எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அப்படியல்ல. பென்ஷனுக்கு என்று வரும்போது பாதிக்கப்படுவது அவர்தான்.

தோல்வி வந்தால் திரையில் ஒரு எண் வரும். அதைக் குறித்துக்கொள்வது நல்லது. 300 என்றால் பதிவோடு பொருந்தவில்லை என்று பொருள். 330 என்றால் அந்த ஆதாரின் பயோமெட்ரிக், அதாவது ரேகை, கருவிழி, முகப் பதிவு, பூட்டப்பட்டிருக்கிறது. யாரோ ஒரு பேரன் பாதுகாப்புக்காகப் பூட்டி வைத்திருப்பான், வீட்டில் யாருக்கும் தெரியாது, தாத்தா பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பார். மையத்தில் இருப்பவர் "சர்வர் பிரச்சினை" என்று மட்டும் சொன்னால், எண் என்ன வந்தது என்று கேளுங்கள்.

ரேகை

அதிகம் புழங்குவதும் அதிகம் காலை வாருவதும் ரேகைதான். இ-சேவை மையம், பொதுச் சேவை மையம், வங்கிக் கிளை, தபால் அலுவலகம் என்று எங்கு போனாலும் ரேகைக் கருவி இருக்கும். விரல் பொருந்திவிட்டால் சில நிமிட வேலை.

ரேகைக் கருவி பார்ப்பது கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்பதை. வயதாக ஆகத் தோல் காய்ந்து, இறுக்கம் குறைந்து, அந்தக் கோடுகளின் மேடு பள்ளம் தட்டையாகிறது. அதோடு வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையும் சேர்ந்துகொள்கிறது. சிமெண்டும் சுண்ணாம்பும் குழைத்த கை, தேயிலை பறித்த கை, பாத்திரம் தேய்த்த கை, செங்கல் சுமந்த கை, இவை எல்லாவற்றிலும் ரேகை தேய்ந்திருக்கும். சில புற்றுநோய் மருந்துகளும் இதைச் செய்யும். கேப்பசிட்டபைன் எடுத்துக்கொள்பவர்களுக்கு உள்ளங்கையும் விரல் நுனியும் உரிந்து ரேகையே மறைவது மருத்துவத்தில் பதிவான விஷயம். அதிகம் உழைத்தவரைத்தான் இந்தக் கருவி அதிகம் திருப்பி அனுப்புகிறது என்பதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு மனம் கொதிக்கும்.

தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளுக்கு ரேகைக் கருவி வந்த பிறகு, "ரேகை விழல பாட்டி, வேற விரல் வைங்க" என்பது தினமும் கேட்கிற பேச்சாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ரேஷன் கடையில் ரேகை சட்டென்று விழுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து, ரேகை வழியைத் தேர்ந்தெடுக்கலாமா வேண்டாமா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. அங்கே மாதாமாதம் திணறுகிறவர் இங்கேயும் திணறுவார்.

திணறினாலும் ரேகையைத்தான் முயல வேண்டியிருக்கிறது என்றால் சில வழிகள் உண்டு. கட்டை விரலை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்துவதில் பயனில்லை. பத்து விரலும் பதிவில் இருக்கிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் குறைவாக உழைத்தவை, அவற்றையும் வைத்துப் பார்க்கலாம். முதல் நாள் இரவு விரல் நுனியில் வாசலின் தடவி, காலையில் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுப் போனால் வறட்சி குறையும். சொட்டச் சொட்ட ஈரமாகவும் இருக்கக் கூடாது. கருவியின் கண்ணாடியை முதலில் துடைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் வந்த இருபது பேரின் வியர்வையும் அதில் இருக்கும். இதையெல்லாம் செய்தும் விழவில்லை என்றால் ஆதார் மையத்தில் கட்டணம் கட்டிப் பயோமெட்ரிக்கைப் புதுப்பிக்கலாம். ஆனால் ரேகையே தேய்ந்து போனவருக்குப் புதிதாகப் பதிவதும் தேய்ந்த ரேகைதான். அதை நம்பி இன்னொரு நாளை வீணாக்க வேண்டாம்.

ரேகைக்கு இன்னொரு குறையும் இருக்கிறது, அது பணம் சம்பந்தப்பட்டது. ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை மூன்றும் இருந்தால் கிராமத்தில் வங்கி முகவரிடமே பணம் எடுக்கலாம். இது ஏஇபிஎஸ் என்ற முறை. ஏடிஎம் இல்லாத ஊர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் ரேகையை நாம் எல்லா இடத்திலும் விட்டு வருகிறோம். பத்திரப் பதிவு ஆவணங்களில் அது மையில் பதிந்தே இருக்கிறது. 2018-ல் தெலங்கானாவில் ஒரு சிம் கார்டு விற்பனையாளர் நிலப் பத்திரங்களில் இருந்த ரேகைகளை நகலெடுத்து சிம் கார்டுகளை இயக்கிய வழக்கு வெளிவந்தது. 2023-ல் பெங்களூரில் சொத்துப் பதிவு செய்தவர்களின் கணக்கிலிருந்து ஏஇபிஎஸ் வழியாகப் பணம் போனதாகப் புகார்கள் குவிந்தன. அதன் பிறகு, வைக்கப்படுவது உயிருள்ள விரலா, சிலிக்கான் நகலா என்று கண்டுபிடிக்கும் சோதனைகளை ஆதார் ஆணையம் கடுமையாக்கியது. கருவிகள் தேறிவிட்டன, சரி. ஆனால் கடவுச்சொல் திருடு போனால் மாற்றிவிடலாம், விரலை மாற்ற முடியாது. அதனால் ரேகை வைக்கும் இடம் தெரிந்த இடமாக இருக்க வேண்டும். தெரு ஓரத்தில் மேசை போட்டு "இலவசமாக லைஃப் சர்டிபிகேட்" என்று அழைக்கிறவர் யார் என்று தெரியாமல் பெரியவரை அங்கே அனுப்ப வேண்டாம்.

கருவிழி

மூன்றில் உறுதியானது இதுதான். கருவிழியின் கோலம் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகிறது, அதன் பிறகு பெரிதாக மாறுவதில்லை. கண்ணின் வெளிப்படலத்துக்குப் பின்னால் இருப்பதால் வேலை செய்து தேயாது. நம் ஊர்க் கண்கள் அடர்ந்த பழுப்பு நிறம், சாதாரண வெளிச்சத்தில் கோலம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கருவி அகச்சிவப்பு ஒளியில் படம் எடுப்பதால் அதில் தெளிவாக விழும். பத்து விரலும் ஏமாற்றிய பெரியவர்களுக்குக் கருவிழி முதல் முயற்சியிலேயே பொருந்துவது சாதாரணம்.

கண்புரை அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் பயப்பட வேண்டியதில்லை. புரை விழுவது கருவிழிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸில். ஆனாலும் சிலருக்குச் சிகிச்சைக்குப் பின் கண்பாவையின் வடிவம் மாறியிருக்கும், அவர்களுக்குத் தடங்கல் வரலாம். பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்ட அன்று போகாதீர்கள். இமை தொங்கியவர்கள், தலை நடுங்குபவர்கள் விஷயத்தில் கூட இருப்பவர் இமையை லேசாகத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஒரே குறை, கருவி கிடைப்பதுதான். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்குக் கருவிழிக் கருவிகள் வந்துவிட்டன, ஆனால் அங்கே உயிர்வாழ் சான்று எடுக்க முடியாது. மையங்களில் பல இடங்களில் ரேகைக் கருவி மட்டும்தான். போவதற்கு முன் போன் போட்டு, "கண் கருவி இருக்கா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருக்கிறது என்றால் யோசிக்காமல் போகலாம்.

முகம்

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், காரணமும் இருக்கிறது. தனிக் கருவி எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு போன் ஒன்று, 5 மெகாபிக்சலுக்குக் குறையாத முன்கேமரா, இணைய வசதி, அவ்வளவுதான். ஜீவன் பிரமான் செயலியோடு ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற செயலியையும் இறக்க வேண்டும். முதலில் போனை வைத்திருப்பவர் தன் ஆதாரையும் முகத்தையும் காட்டி இயக்குநராக (ஆபரேட்டராக) பதிந்துகொள்வார். அதன் பிறகு ஓய்வூதியரின் ஆதார் எண், பி.பி.ஓ. எண் (பென்ஷன் ஆணையில் இருக்கும் எண்), வங்கிக் கணக்கு எண், பென்ஷன் அனுமதித்த துறை, பென்ஷன் வழங்கும் வங்கி ஆகியவற்றை நிரப்பி, அவருடைய முகத்தைக் காட்ட வேண்டும். கண் சிமிட்டச் சொல்லும். சிமிட்டியதும் அந்தப் படம் ஆதாரில் பதிந்த படத்தோடு ஒப்பிடப்படும். சரியாக இருந்தால் பிரமான் எண், அதாவது அந்தச் சான்றின் எண், குறுஞ்செய்தியில் வரும். ஒருமுறை இயக்குநராகப் பதிந்தவர் அதே போனில் தெருவில் இருக்கும் மற்ற ஓய்வூதியர்களுக்கும் செய்து கொடுக்கலாம். ஒரு கிராமத்துக்கு இப்படி ஒரு இளைஞர் இருந்தால் போதும்.

ரேகை தேய்ந்தவர்களுக்கு முக வழி உண்மையிலேயே ஒரு விடுதலை. படுத்த படுக்கையாக இருப்பவரைக் கூட நாற்காலியில் தூக்கி உட்கார வைத்துக் கூட்டிப்போகத் தேவையில்லை. தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி, சன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி வைத்தால் போதும். வெளிச்சம் முதுகுப்பக்கம் இருந்தால் முகம் கருத்துப்போய்த் தோற்கும். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். பின்னால் இன்னொருவர் முகம் தெரியக் கூடாது. பேரப் பிள்ளைகளை அறையை விட்டு அனுப்பிவிட்டுச் செய்வது நல்லது.

எங்கே தோற்கிறது? ஆதார் எடுத்தபோது இருந்த முகத்துக்கும் இப்போதைய முகத்துக்கும் இடையே பதினைந்து வருடம் ஓடியிருக்கலாம். முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது 2010 செப்டம்பரில். அந்த முதல் சில ஆண்டுகளில், பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ நடந்த முகாமில், கூட்டத்துக்கு நடுவே எடுத்த படம்தான் பலருக்கு இன்னும் இருக்கிறது. பல் போய், உடம்பு இளைத்து, கன்னம் ஒட்டிய பிறகு பொருந்தாமல் போவதுண்டு. இதற்கு ஆதார் மையத்தில் படத்தைப் புதுப்பித்தால் பெரும்பாலும் தீர்வு கிடைக்கும். ரேகையைப் புதுப்பிப்பதுபோல் இது வீண் வேலை அல்ல. பக்கவாதம் வந்து ஒரு பக்க முகம் கோணியவர்களுக்கும், நினைவு தவறியவர்களுக்கும்தான் சிரமம். கண் சிமிட்டுங்கள் என்றால் என்னவென்று புரியாத ஒருவரைக் கேமரா முன்னால் அரை மணி நேரம் வைத்து வற்புறுத்துவது கொடுமை. இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள், அவர்களுக்குக் காகிதம் இருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் போன் முகம் பார்த்துத் திறக்கிறதே, அந்த முகப் பதிவு போனுக்குள்ளேயே ஒரு தனிப் பகுதியில் இருக்கிறது, வெளியே போவதில்லை. ஆதார் முகப் பதிவு அப்படியல்ல. எடுத்த படம் ஆதார் ஆணையத்துக்குப் போய் அங்கிருக்கும் பதிவோடு ஒப்பிடப்படுகிறது. விமான நிலையத்தில் 2022 டிசம்பரில் தொடங்கிய டிஜியாத்ரா இன்னொரு வகை. அங்கே பயணத் தகவல் விமானம் கிளம்பி 24 மணி நேரத்தில் அழிக்கப்படும் என்பது அறிவிக்கப்பட்ட விதி, அதில் சேருவதும் அவரவர் விருப்பம். அலுவலக வருகைப் பதிவு, குடியிருப்பு வாசல், ஜிம் என்று முகம் கேட்கும் இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. எல்லாவற்றையும் ஒரே பயத்தோடு பார்க்கவும் வேண்டாம், ஒரே நம்பிக்கையோடு கொடுக்கவும் வேண்டாம். முகம் எங்கே போகிறது, எவ்வளவு நாள் இருக்கும், மறுத்தால் வேறு வழி உண்டா என்று கேளுங்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு இந்த மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால், என் கருத்தில், வாசலில் சாவியோ அட்டையோ போதும்.

தபால்காரர்

இந்திய அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கி 2020-லிருந்து இந்தச் சேவையைத் தருகிறது. தபால் அலுவலகத்திலோ உங்கள் பகுதித் தபால்காரரிடமோ சொன்னால் அவர் வீட்டுக்கே வந்து, தன் போனிலும் கருவியிலும் வேலையை முடித்துக் கொடுப்பார். கட்டணம் வரியோடு 70 ரூபாய். அந்த வங்கியில் கணக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களின் நேர்காணலுக்கும் 2022 முதல் இந்த வழி இருக்கிறது.

தனியாக இருக்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தொழில்நுட்பம் என்று பார்த்தால் இங்கேயும் அதே ரேகையோ முகமோதான். ஆனால் அதைச் செய்கிறவர் பெயர் தெரிந்தவர், முகம் தெரிந்தவர், அடுத்த வாரமும் அதே தெருவுக்கு வரப்போகிறவர். போனில் "உங்கள் பென்ஷன் நிற்கப்போகிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்று ஏமாற்றும் கும்பல்கள் நவம்பர் மாதத்தைக் குறிவைத்தே கிளம்புகின்றன. வங்கியோ கருவூலமோ போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்காது. வீட்டுப் பெரியவருக்கு இதைச் சொல்லிவைத்து, "தபால்காரர் வந்தால் மட்டும் செய்யுங்க, போன்ல யார் கேட்டாலும் வேணாம்" என்று ஒரே விதியாக்கிவிட்டால் அவர்களுக்கும் நினைவில் நிற்கும்.

நவம்பர் கடைசி வாரத்தில் கூப்பிட்டால் அவர் வரத் தாமதமாகலாம். முதல் இரண்டு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

காகிதம்

காகிதத்தைப் பற்றி விரிவாகச் சொல்லக் காரணம், அது செத்துப்போன வழி என்று பலர் நினைப்பதும், சில கவுண்டர்களில் அப்படியே சொல்லி அனுப்புவதும்தான். அது உண்மையல்ல. 2021 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, ஜீவன் பிரமானுக்கு ஆதார் அங்கீகாரம் (ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்ப்பது) விருப்பத்தின் பேரில்தான் என்றும், சான்று கொடுக்க மாற்று வழி இருக்க வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்கிறது. அதற்கு முன்பே, 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ஆதார் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றபோதும், அங்கீகாரம் தோற்றது என்பதற்காக உரியவருக்கு உரியதை மறுக்கக் கூடாது என்பது அந்த வழக்கில் பதிவானது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க இடம் கொடுத்த 57-ஆம் பிரிவு அந்தத் தீர்ப்பில்தான் அடிபட்டது.

பென்ஷன் வரும் வங்கியின் எந்தக் கிளையிலும் உயிர்வாழ் சான்றைக் கொடுக்கலாம். கணக்கு தஞ்சாவூரில் இருந்து, நீங்கள் இப்போது மகள் வீட்டில் கோயம்புத்தூரில் இருந்தால், அங்கிருக்கும் கிளையே போதும். படிவத்தை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டு கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தச் சீட்டை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். படிவம் தொலைந்து பென்ஷன் நின்றால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். வர முடியாத நிலையில் இருப்பவருக்கு வங்கி அதிகாரி வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ வந்து பார்க்கவும் வழி இருக்கிறது. குறிப்பிட்ட பதவிகளில் இருக்கும் அதிகாரிகள் படிவத்தில் கையெழுத்திட்டால் ஓய்வூதியர் நேரில் போக வேண்டியதில்லை.

மறுமணம் செய்துகொண்ட குடும்ப ஓய்வூதியர்களும், ஓய்வுக்குப் பிறகு மீண்டும் வேலையில் சேர்ந்தவர்களும் டிஜிட்டல் சான்று எடுக்க முடியாது. அவர்களுக்குக் காகிதம் மட்டும்தான் வழி.

காகிதத்தின் குறை எல்லோருக்கும் தெரிந்தது: வரிசை, வெயில், ஆட்டோக் கூலி, "நாளைக்கு வாங்க". ஆனால் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார், அவர் கண்ணால் பார்த்து இவர் இவர்தான் என்று சொல்ல முடியும். தேய்ந்த விரலையும் கோணிய முகத்தையும் தாண்டி ஒருவரை அடையாளம் காண மனிதருக்குத் தெரியும். இந்த வழி இருந்தே ஆக வேண்டும். முக அங்கீகாரம் எவ்வளவு பெருகினாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் வர முடியாதவருக்குப் பதில் இன்னொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளே வீடு தேடிப் போகிறது. கருவியால் ஆகாதபோது மனிதர்கள் போய்ச் சேரும் இந்த ஏற்பாடு பென்ஷனுக்கும் அதே அளவு சுலபமாக இருக்க வேண்டும்.

யாருக்கு எது

அறுபத்தைந்து வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை, கையில் போன் இருக்கிறது, கண் நன்றாகத் தெரிகிறது என்றால் முகமே போதும். வீட்டில் உட்கார்ந்து முடித்துவிடலாம், ஒரு காசு செலவில்லை. முதல் வருடம் மட்டும் யாராவது கூட இருந்து காட்டிக் கொடுத்தால் அடுத்த வருடம் அவரே செய்வார்.

கட்டட வேலையோ ஆலை வேலையோ செய்து, இ.பி.எஃப். பென்ஷன் வாங்கும் பெரியவருக்கு ரேகையை முதலில் முயலவே வேண்டாம். முகம், அல்லது கண் கருவி இருக்கும் மையம். நவம்பர் நெரிசல் இவர்களுக்குத் தேவையில்லை என்பதால், ஊரில் பிள்ளைகள் கூடும் பொங்கலையோ கோடை விடுமுறையையோ ஒட்டி வைத்துக்கொண்டால் வருடாவருடம் மறக்காது.

தனியாக இருக்கும் அம்மாவுக்கு, அவருக்கு ஸ்மார்ட்போன் பழக்கமில்லை என்றால், தபால்காரர். எழுபது ரூபாய் யோசிக்க வேண்டிய செலவே அல்ல, மையத்துக்குப் போய்வர அதைவிட அதிகமாகும்.

படுக்கையில் இருப்பவர் நினைவோடு இருந்தால் முகத்தை முயலலாம். நினைவு தவறியவர் என்றால் நேராக வங்கிக்கு எழுதி அதிகாரியை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கடிதத்தை அக்டோபரிலேயே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இவர்கள் விஷயத்தில் பயோமெட்ரிக்கில் நேரம் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியில் போனாலும் இரண்டாவது வழி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். நவம்பர் 10-க்குள் முதல் முயற்சி, தோற்றால் 20-க்குள் இரண்டாவது, அதுவும் தோற்றால் கடைசி வாரத்தில் காகிதம். இப்படித் திட்டமிட்டால் டிசம்பர் பென்ஷன் தவறாது.

வேலை முடிந்த பிறகு

பிரமான் எண் வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அந்த எண் வருவது உங்கள் அடையாளம் பொருந்தியதற்கு. பென்ஷன் வழங்கும் வங்கி அதை ஏற்பது அடுத்த கட்டம். பி.பி.ஓ. எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும், பென்ஷன் வழங்கும் வங்கியைப் பட்டியலில் மாற்றித் தேர்ந்தெடுத்தாலும் அங்கே நிராகரிக்கப்படும். சில நாள் கழித்து ஜீவன் பிரமான் இணையதளத்தில் பிரமான் எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். நிராகரிக்கப்பட்டிருந்தால் சரியான விவரத்தோடு மறுபடி எடுக்க வேண்டும், அதற்கு நாள் மிச்சம் இருக்க வேண்டும்.

அப்புறம் ஆதார் பூட்டு. ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ ரேகை, கருவிழி, முகம் மூன்றையும் பூட்டி வைக்கலாம். ஆதாரோடு கைப்பேசி எண் இணைந்திருக்க வேண்டும். தேவைப்படும்போது கொஞ்ச நேரத்துக்குத் திறந்தால் பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும். ஏஇபிஎஸ் வழியாகப் பணமே எடுக்காதவர்கள் பூட்டி வைப்பது நல்லது. மாதாமாதம் ரேஷன் கடையில் ரேகை வைக்கிற பெரியவருக்குப் பூட்டினால் அரிசி வாங்கும் நாளில் தடுமாற்றம் வரும், அதை யோசித்துச் செய்யுங்கள். பூட்டாதவர்கள், கடந்த ஆறு மாதத்தில் தங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலை அதே இடத்தில் பார்க்கலாம். தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் 1947 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள், வங்கிக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். பிரமான் எண், ஒப்புகைச் சீட்டு, கொடுத்த தேதி மூன்றையும் பி.பி.ஓ. இருக்கும் அதே கோப்பில் வைத்து, பயோமெட்ரிக்கைப் பூட்டியிருந்தால் அதையும் கோப்பின் மேல் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். அடுத்த வருடம் வேறு யாராவது இந்த வேலையைச் செய்ய வந்தாலும் 330 ஏன் வருகிறது என்று தெரியும்.